கண் பழகும் வரை

வௌவால்: கையை எடு. அது என் மூக்கு.

விருந்தாளி: ஐயோ... ஸ்டூல்னு நெனச்சேன்.

வௌவால்: ஸ்டூல் உனக்கு இடது பக்கம். இன்னும் கொஞ்சம்... ஆங். உக்காரு. வேற எதையும் தொடாதே.

விருந்தாளி: உக்காந்துட்டேன். இப்படியா இருட்டும்? எங்க ஊரு லேப் இருட்டறையில கதவிடுக்கு வழியா ஒரு கீத்தாவது வெளிச்சம் வரும்.

வௌவால்: இங்க வராது. இடுக்கெல்லாம் நான்தான் கறுப்பு டேப் ஒட்டினேன். சாவி ஓட்டையைக்கூட விடல.

விருந்தாளி: வெளியே உச்சி வெயில் கொளுத்துது. இங்க கண்ணை மூடினாலும் ஒண்ணுதான், திறந்தாலும் ஒண்ணுதான். உனக்கு ஏன் வௌவால்னு பேரு வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது.

வௌவால்: பேரு வெச்சது வெளியே கதவுகிட்ட நிக்குதே, அந்த எருமை.

தம்பி: எருமைக்குக் காது கேக்கும்!

வௌவால்: கேக்கட்டும்னுதான் சொன்னேன். கதவை விட்டு நகராதேடா. எவனாவது வந்து டக்குன்னு திறந்தான்னா மறுபடி மொதல்ல இருந்து கண்ணைப் பழக்கணும்.

தம்பி: விருந்தாளி அக்கா, உங்க டீம்ல இடம் இருக்கா? நான் வந்துடறேன். பொறந்ததுல இருந்து இவளுக்குத் தம்பியா இருக்கேன், இப்ப டீம்லயும் இவளுக்குக் கீழ. ஒரு மனுஷன் எத்தனையத்தான் தாங்குவான்?

விருந்தாளி: எங்க டீம்ல... பாக்கலாம். இடம் இருக்கு.

வௌவால்: அழைச்சுட்டுப் போ. மொத வாரமே தபால்ல திருப்பி அனுப்புவே.

தம்பி: ஆகுமா சீக்கிரம்? பசி கண்ணைக் கட்டுது.

வௌவால்: இப்பத்தானே தின்னே?

தம்பி: அது அப்ப.

வௌவால்: காதுல பாட்டை மாட்டிக்கோ. நான் ரெண்டு தடவை கதவைத் தட்டினா கழட்டு.

தம்பி: மாட்டியாச்சு.

வௌவால்: மாட்டலைடா. மாட்டினவன் பதில் சொல்ல மாட்டான்.

தம்பி: ...

வௌவால்: இப்ப மாட்டிட்டான்.

விருந்தாளி: நல்ல பையன்.

வௌவால்: வாய்தான். ஆனா பச்சையா ஒளிர்ற உங்க விளக்கு ஜீனையும், கெட்ட கறியை மோப்பம் பிடிக்கிற எங்க மூக்கு ஜீனையும் ஒரே கிருமிக்குள்ள ஒண்ணாத் தெச்சது அவன்தான். நாங்க எல்லாரும் முட்டி மோதி விட்டுட்டோம். இவன் ஒரு வாரம் வீட்டுக்கே வராம இங்கயே கிடந்தான்.

விருந்தாளி: எங்க லேப்ல நாங்களும் தனியா தெச்சோம். நீங்க அனுப்பின மூக்கு ஒரு துண்டுக் காகிதத்துல உலர்ந்த ஒரு சொட்டு. உறையைப் பிரிச்சப்ப காகிதம் காலியா இருக்குன்னு நெனச்சு ஒருத்தி கசக்கிப் போடப் போனா.

வௌவால்: இங்க இவன் தும்மினான். உங்க விளக்கு இருந்த காகிதம் பறந்து மேசைக்கு அடியில போயிடுச்சு. ஆறு பேரும் தரையில தவழ்ந்தோம்.

விருந்தாளி: சொல்லவே இல்ல?

வௌவால்: சொல்வோமா? மாசக்கணக்கா ஸ்கிரீன்ல உங்க முன்னாடி படிச்ச பிள்ளைங்க மாதிரி உக்காந்திருந்தோம்.

விருந்தாளி: ...அங்க ஏதோ அசையுது.

வௌவால்: எங்க?

விருந்தாளி: வலது பக்கம். வெள்ளையா... புகை மாதிரி.

வௌவால்: அது உன் கண்ணு பண்ற வேலை. வெளிச்சம் இல்லைன்னா கண்ணு சும்மா இருக்காது. இல்லாததை எல்லாம் காட்டும். அதுக்குத்தானே ரெண்டு பேரு பாக்கணும்னு விதி வெச்சோம். ஒருத்தி பாத்தா அது கணக்குல சேராது.

விருந்தாளி: அதுவும் ரெண்டாவது ஆளு வேற டீமா இருக்கணும்.

வௌவால்: ஒருத்தர் வாயை ஒருத்தர் பாக்காம ஒரே நேரத்துல சொல்லணும். இருட்டுன்னா இருட்டு, வெளிச்சம்னா வெளிச்சம். ரெண்டு பேரும் சொன்னதுதான் சேதி. மத்ததெல்லாம் பிரமை.

விருந்தாளி: கெட்ட கறி வெச்ச தட்டு எங்க இருக்கு? அது பக்கத்துல இருந்தா இதைப் பாக்க முடியாதே.

வௌவால்: அது இங்க இல்ல. இரும்புப் பெட்டியில போட்டு அடுத்த ரூம்ல வெச்சுட்டேன். நேத்து அதைப் பாத்தப்ப கண்ணு கூசிச்சு. அவ்வளவு பளிச்சுன்னு எரியுது. நல்ல கறி கரிக்கட்டை மாதிரி. இப்ப உன் முன்னாடி ஒரே தட்டு. துணி மூடியிருக்கு. தம்பி கையை அழுத்தி வெச்ச கிருமித் தட்டு.

விருந்தாளி: கை எதுக்கு வெச்சீங்க?

வௌவால்: நீங்க எதுக்கு வெச்சீங்களோ அதுக்குத்தான். உயிரோட இருக்கிற கையை விடப் புதுக் கறி எந்தக் கடையில கிடைக்கும்? டீம்ல எல்லாரும் வெச்சோம். எல்லாரோடதும் இருட்டு. என்னோடதும். இவனோடது ஒண்ணுதான் பாக்கி.

விருந்தாளி: ஏன் பாக்கி?

வௌவால்: நேத்து எடுத்ததுல பூஞ்சை பிடிச்சுது. தூக்கிப் போட்டுட்டேன். இன்னைக்குக் காலையில மறுபடி வெக்கச் சொன்னேன்.

விருந்தாளி: சரி...

வௌவால்: ஒண்ணு கேக்கட்டுமா?

விருந்தாளி: கேளு.

வௌவால்: உங்க டீம்ல கொட்டாவி எங்கடி?

விருந்தாளி: யாரு?

வௌவால்: நடிக்காதே. ஸ்கிரீன்ல ஓரமா உக்காந்து, நாம முக்கியமா ஏதாவது சொல்ற நேரம் பாத்து வாயைப் பொளப்பாளே. நாங்க வெச்ச பேரு அவளுக்கே தெரியும். கேட்டுட்டு அதுக்கும் ஒரு கொட்டாவி விட்டா.

விருந்தாளி: ஓ... அவளா. ஊருக்குப் போயிருக்கா.

வௌவால்: எப்ப வருவா?

விருந்தாளி: வருவா. வீட்டுல ஏதோ... கல்யாணம்.

வௌவால்: யாருக்கு?

விருந்தாளி: அக்காவுக்கு.

வௌவால்: அவளுக்கு அக்கா கிடையாது. வீட்டுக்கு மூத்தவ அவதான். என்கிட்ட புலம்பியிருக்கா. இருட்டுல பொய் சொல்றது சுலபம்னு நெனக்காதே. மூச்சு காட்டிக் குடுக்கும்.

விருந்தாளி: உனக்கு என்ன தெரியும்?

வௌவால்: ஒரு நாள் மீட்டிங் முடிஞ்சு எல்லாரும் போயிட்டீங்க. அவ மட்டும் இருந்தா. உனக்கு ஒண்ணு காட்டட்டுமான்னா. எழுந்து போய் ரூம் விளக்கை அணைச்சா. ஸ்கிரீனே கறுப்பாச்சு. லைன் போச்சுன்னு நெனச்சேன்... அப்புறம் அந்தக் கறுப்புக்குள்ள ஒரு உள்ளங்கை. பச்சையா. விரல் இல்ல. உள்ளங்கை மட்டும்.

விருந்தாளி: உனக்குக் காட்டினாளா...

வௌவால்: சிரிச்சா. நான் கெட்டுப் போயிட்டேன் பாருடின்னா. நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவ ஸ்கிரீனுக்கு வரவே இல்ல.

விருந்தாளி: தம்பிக்குக் கேக்குமா?

வௌவால்: கேக்காது. முனகிட்டு இருக்கான் பாரு.

தம்பி: ம்ம்... ம்ம்ம்... ம்ம்...

விருந்தாளி: அவ இல்லடி. போயிட்டா.

வௌவால்: எப்படி?

விருந்தாளி: எப்படின்னு தெரிஞ்சா நான் ஏன் பஸ்ஸும் ரயிலும் மாறி இங்க வந்து இருட்டுல உக்காந்திருக்கேன்?

வௌவால்: மொதல்ல இருந்து சொல்லு.

விருந்தாளி: மொதல்ல விளையாட்டாத்தான் எடுத்துக்கிட்டோம். கை கழுவிட்டு வாடி அழுக்கு மூட்டைன்னோம். கழுவினா. சோப்பு, ஸ்பிரிட், எல்லாம். புதுத் தட்டு, புதுக் கிருமி. மறுபடியும் எரிஞ்சுது. எங்க தையல்லதான் தப்புன்னு பிரிச்சுத் திரும்பத் தெச்சோம். மறுபடியும். அவளோடது மட்டும்.

வௌவால்: டாக்டர்கிட்ட போனீங்களா?

விருந்தாளி: போகாம? ரத்தம் எடுத்தாங்க, படம் எடுத்தாங்க. எல்லாம் சரியா இருக்குன்னாங்க. எதுக்கும்மா வந்தீங்கன்னு கேட்டாங்க. கை எரியுதுன்னா. எரிச்சலுக்குக் களிம்பு எழுதிக் குடுத்தாங்க.

வௌவால்: சிரிக்காதே.

விருந்தாளி: சிரிக்கல.

வௌவால்: ஆளு எப்படி இருந்தா? சோர்வா?

விருந்தாளி: நல்லா இருந்தா! என்னை விட, உன்னை விட நல்லா இருந்தா. பாத்திரத்துல இருக்கிறதை எல்லாம் வழிச்சுத் தின்னா. எந்நேரமும் பசி பசின்னா. கொட்டாவியா? அவ பொறந்ததே கொட்டாவியோடதான்னு அவ அம்மா சொன்னாங்க.

வௌவால்: பசி பசின்னாளா...

விருந்தாளி: ஏன்?

வௌவால்: ஒண்ணுமில்ல. சொல்லு.

விருந்தாளி: தினமும் கை வெப்பா. தினமும் கொஞ்சம் ஏறும். உள்ளங்கையில இருந்து விரலுக்கு. மொதக் கணு, ரெண்டாவது கணு... மெழுகுவத்தி தலைகீழா வளர்ற மாதிரி. விரல் நுனி வரைக்கும் வந்த அன்னைக்கு மத்தியானம், சாப்ட்டுட்டுப் பெஞ்சுல தலை வெச்சுப் படுத்தா. குளிருமேன்னு என் சால்வையைப் போத்தினேன். பாதி வேலை முடிஞ்சு எழுப்பினோம். எழுந்திருக்கல. தூக்கத்துலயே போயிட்டான்னாங்க. சின்ன வயசுலயும் சில பேருக்கு அப்படி ஆகுமாம்.

வௌவால்: அப்போ தட்டு சரியாத்தான் சொல்லிச்சு.

விருந்தாளி: அப்படிச் சொல்லாதே.

வௌவால்: கறி கெட்டது நம்ம மூக்குக்குத் தெரியறதுக்கு முன்னாடியே தெரியணும்னுதானே செஞ்சோம். ஸ்கிரீன்ல கைதட்டி அதைத்தானே மொத வரியா எழுதினோம். நல்லாத்தான் செஞ்சிருக்கோம்.

விருந்தாளி: நிறுத்துடி. அதுக்காகத்தான் வந்தேன். உங்க கையால தெச்சதுல அப்படி எதுவும் வரலைன்னா, கோளாறு எங்களோடது. அவ செத்தது வேற. தட்டு எரிஞ்சது வேற. காக்கா உக்காந்துது, பனம்பழம் விழுந்துது. நான் நிம்மதியாத் தூங்குவேன்.

வௌவால்: வந்தா?

விருந்தாளி: அதான் எல்லாரோடதும் இருட்டுன்னு சொன்னியே.

வௌவால்: சொன்னேன்.

விருந்தாளி: அப்புறம் என்ன?

வௌவால்: ...அவளுக்குத் தெரிஞ்சது நல்லதா, கெட்டதா?

விருந்தாளி: எது?

வௌவால்: தன் கை எரியறது. ஏறிக்கிட்டே இருக்கிறது.

விருந்தாளி: தெரியாம இருந்திருந்தா அந்தக் கடைசி நாள்ல சினிமாவுக்குப் போயிருப்பா. என்கூட சண்டை போட்டிருப்பா. தெரிஞ்சுது... சாப்பாட்டு நேரம் தவிர தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. நாங்க அவளைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். யாருக்கு என்ன பிரயோஜனம்?

வௌவால்: மருந்து எதுவும்...

விருந்தாளி: நோய்க்கு ஒரு பேரு இருந்தாத்தானே மருந்து? பேரே இல்லாததுக்கு யாருகிட்ட போய் என்ன கேப்பே?

தம்பி: ம்ம்ம்... ம்ம்...

வௌவால்: என்ன கண்றாவி ராகம் பாரு.

விருந்தாளி: உங்க அம்மா அப்பா கூடவா இருக்கீங்க?

வௌவால்: இல்ல. நாங்க ரெண்டு பேரும் இங்க ஒரு ரூம் எடுத்திருக்கோம். அம்மா தினமும் போன் பண்ணுவாங்க. எனக்குத்தான் பண்ணுவாங்க, ஆனா என்னைக் கேக்க மாட்டாங்க. அவன் சாப்ட்டானா, அவன் தூங்கினானா, அவனுக்குச் சளி எப்படி இருக்கு. ஒரு நாள் எனக்கே காய்ச்சல்னேன். அவனுக்கு ஒட்டிக்கப் போகுதுன்னாங்க.

விருந்தாளி: எங்க வீட்டுலயும் ஒரு ராஜகுமாரன் உண்டு.

வௌவால்: எனக்குக் கோவமே வந்ததில்ல. வந்திருக்கு, ஆனா... இவன் மொகத்தைப் பாத்தா நிக்காது. எங்க அப்பா மாதிரியே தும்முவான். வீடே அதிரும்.

விருந்தாளி: வௌவால்.

வௌவால்: ம்.

விருந்தாளி: உன் கை ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்கு?

வௌவால்: ஏசி.

விருந்தாளி: ஏசி ஓடல.

வௌவால்: ...கண்ணு பழகிடுச்சா உனக்கு?

விருந்தாளி: பழகியிருக்கும். அந்தப் புகையைக் காணோம்.

வௌவால்: தட்டறேன்.

தம்பி: என்ன, ஆச்சா? நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு.

வௌவால்: இப்பத்தான் துணியை எடுக்கப் போறோம்.

தம்பி: விருந்தாளி அக்கா, கையைப் பாக்கறதுதான் பாக்கறீங்க, கல்யாண ரேகை எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லிடுங்க.

விருந்தாளி: ரெண்டு கல்யாணம் இருக்குப்பா.

தம்பி: பாக்கறதுக்கு முன்னாடியே சொல்றீங்க! அப்போ ஆயுள் ரேகை?

வௌவால்: வாயை மூடுடா. விதி ஞாபகம் இருக்குல்ல? நாங்க பாப்போம். நீ எண்ணிட்டுக் கையைத் தட்டு. தட்டினதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்வோம்.

தம்பி: வெளிச்சம்னு மட்டும் சொல்லிடாதீங்க. நல்ல கையிலயே எரியுதுன்னா அப்புறம் கெட்ட கறியைக் காட்டற ஸ்டிக்கர்னு அதை எந்தக் கடைக்காரன் கறி மேல ஒட்டுவான்? என் மானம் போயிடும்.

வௌவால்: துணியை எடுக்கறேன்.

விருந்தாளி: எடு.

வௌவால்: ...

விருந்தாளி: ...

தம்பி: என்ன சத்தத்தையே காணோம்?

வௌவால்: பாத்துக்கிட்டிருக்கோம்.

தம்பி: எவ்வளவு நேரம் பாப்பீங்க? என் கை என்ன சினிமாவா?

வௌவால்: தட்டுடா.

தம்பி: தட்டறேன், தட்டறேன். ரெடியா? ஒண்ணு... ரெண்டு... விருந்தாளி அக்கா, ரெடியா?

விருந்தாளி: தட்டுப்பா.

தம்பி: மூணு!

வௌவால்: இருட்டு.

விருந்தாளி: இருட்டு.

தம்பி: ரெண்டு பேருமா? நெசமாவா?

வௌவால்: ரெண்டு பேரும்தான்.

தம்பி: அப்படிப் போடு! நான் நல்ல கறி! டேய், நான் நல்ல கறிடா!

விருந்தாளி: யாரைக் கூப்பிடறான்?

வௌவால்: யாரையும் இல்ல. சும்மா.

தம்பி: கீழ போய் எல்லாருக்கும் சொல்லிட்டு, திங்க ஏதாவது வாங்கிட்டு வரேன். அக்கா, அம்மாவுக்கு நான்தான் போன் பண்ணிச் சொல்வேன், நீ சொல்லிடாதே!

வௌவால்: சொல்லல. படியில ஓடாதேடா.

தம்பி: சரி சரி!

வௌவால்: ஓடறான்.

விருந்தாளி: சின்னப் பையன்தானே.

வௌவால்: ம்.

விருந்தாளி: ...மூடிடலாமா?

வௌவால்: இருக்கட்டும்.

விருந்தாளி: ப்ளீச் எங்க வெச்சிருக்கே? ஊத்திட்டு நாமளும் கீழ போகலாம். இதுல இனிமே என்ன இருக்கு?

வௌவால்: கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

விருந்தாளி: ஒண்ணுமில்லாத தட்டு. அதைப் பாத்துக்கிட்டு உக்காந்தா நமக்குத்தான் பைத்தியம் பிடிக்கும். வா. கையைக் குடு.

வௌவால்: நேத்து எடுத்ததுல பூஞ்சை பிடிக்கல.

விருந்தாளி: என்ன?

வௌவால்: நேத்து உள்ளங்கை மட்டும்தான் எரிஞ்சுட்டிருந்துச்சு.

விருந்தாளி: நீ என்ன சொல்றேன்னு எனக்குப் புரியல.

வௌவால்: நான் தனியா பாத்தேன். ஒருத்தி பாத்தா கணக்கு இல்ல. பிரமைன்னு வெச்சுக்கலாம். நீ வந்து இருட்டுன்னு சொல்லிட்டேன்னா...

விருந்தாளி: சொன்னேனே. இருட்டுன்னுதானே சொன்னேன்? நீயும் சொன்னே. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. அதான் சேதி.

வௌவால்: சொன்னோம்.

விருந்தாளி: கண்ணு இல்லாததை எல்லாம் காட்டும்னு நீதானே சொன்னே? இங்க ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல, வௌவால். ஒண்ணுமே எரியல. எங்க அம்மா மேல சத்தியம்.

வௌவால்: சரி. ...அப்போ உன் கன்னத்துல தண்ணி வழியறது எனக்கு எப்படிடி தெரியுது?